செட்டிநாட்டு மரங்களில் காட்டுப் பட்டு

ஓர் உழவு மழை இறங்கிவிட்டால் போதும், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நம் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரே சாயலில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். 'பாதாம் மரத்தில் விரல் தடிமனுக்குப் பச்சைப் புழு. என்ன மருந்து அடிக்கலாம்?' 'இலந்தைக் கிளையில் காம்போடு ஏதோ காய் தொங்குகிறது. வெட்டினால் உள்ளே உயிர் நெளிகிறது. இது என்ன?' 'ராத்திரி விளக்கடியில் உள்ளங்கையைவிடப் பெரிய பூச்சி வந்து உட்கார்ந்தது. விஷமா?'

இந்த மூன்று கேள்விகளுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே குடும்பம்தான். அவை காட்டுப் பட்டுப்பூச்சிகள். ஆனால் அதே சாயலில் வந்து பயிரைத் தின்றுவிட்டுப் போகும் வேறு பூச்சிகளும் உண்டு. பிரித்தறியத் தெரியாவிட்டால் மருந்துச் செலவு ஒரு பக்கம் வீணாகிறது. தடுக்க வேண்டிய பூச்சி இன்னொரு பக்கம் தப்பிவிடுகிறது. 'காட்டுப் பட்டு வளர்க்கலாம், லட்சம் வரும்' என்று யாராவது சொல்லும்போது கையில் இருக்கும் பணமும் போகிறது. அதனால் மரத்தடியிலேயே நின்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று ஐப்பசி மாதத்தில் காரைக்குடியிலிருந்து கிளம்பினோம்.

கானாடுகாத்தான்: மரத்தடியில் கிடந்த எச்சம்

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் வழியாகத் திருச்சி சாலையில் வடக்கே போனால் கானாடுகாத்தான். இருபுறமும் செம்மண், சரளை, அங்கங்கே கண்மாய். ஊருக்குள் நுழைந்தால் ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் நகரத்தார் வீடுகள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் தரை, வரிசை வரிசையாக ஜன்னல்கள். பல வீடுகள் விசேஷத்துக்குத்தான் திறக்கின்றன. ஆனால் வளவுக்கு வெளியே நிற்கும் நாட்டு வாதுமைக்குப் பூட்டு கிடையாது. நம் ஊரில் பாதாம் மரம் என்று சொல்வது இதைத்தான்.

ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எங்களை மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"பாருங்க தம்பி, இலையெல்லாம் அரிச்சுக் கிடக்கு. கீழே மிளகைக் கொட்டினாப்ல எச்சம். நாளைக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியிருக்கேன். அடிக்கவா, நிறுத்தவா?"

கீழே கிடந்த எச்சம்தான் முதல் தடயம். மிளகைவிடப் பெரிசு, கெட்டியாக, சிறு பீப்பாய் மாதிரி வரி ஓடியிருந்தது. அது விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் புழு இருக்கும். இருந்தது. நல்ல பச்சை நிறம், பழுப்புத் தலை, பக்கவாட்டில் ஒரு மஞ்சள் கோடு, வெள்ளியைத் தேய்த்து ஒட்டினாற்போல சில புள்ளிகள். உடம்பில் அங்கங்கே சிறு முடிகள் இருந்தாலும் கம்பளிப்புழு மாதிரி அடர்ந்து இல்லை. வாலில் கொம்பு இல்லை. கூட்டமாகவும் இல்லை, கிளைக்கு ஒன்றாகத் தனித்தனியே தொங்கின. கழுத்து வலிக்கத் தேடியும் ஏழு புழுக்கள்தான் கிடைத்தன.

இது டசார் பட்டுப்பூச்சியின் புழு. வீட்டு மரத்தில் ஏழு புழு தின்னும் இலை, மரத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. ஒரு மாதத்துக்குச் சற்று மேல் தின்றுவிட்டுக் கூடு கட்டிவிடும். அதற்குள் காக்கை, குளவி, எறும்பு, ஒட்டுண்ணி ஈ என்று எத்தனையோ கைகளில் பெரும்பாலானவை மாட்டிக்கொள்ளும். மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவியும் ஈயும்தான். அந்த அம்மா மருந்துக்காரருக்குப் போன் போட்டு, "வேணாம்ப்பா, பட்டுப்புழுவாம்" என்று சொன்னார்.

இலந்தைக் கிளையில் தொங்கும் 'காய்'

கானாடுகாத்தானை விட்டு செட்டிநாடு ரயில் நிலையப் பக்கம் வந்தால் மேய்ச்சல் வெளி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, காம்போட தொங்குற கூடு எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டோம். கோலை நீட்டி ஒரு இலந்தையைக் காட்டினார். "அதுவா? சின்னப் பிள்ளையில அதுக்குள்ள கல்லைப் போட்டுக் கிலுக்கி விளையாடுவோம் தம்பி."

சிறு கோழிமுட்டை வடிவில், சாம்பல் கலந்த மஞ்சளில், விரலால் அமுக்கினாலும் நசுங்காத கூடு. மேல்முனையிலிருந்து கறுப்புக் காம்பு ஒன்று கிளம்பி, கிளையைச் சுற்றி மோதிரம்போல இறுகியிருந்தது. இந்தக் காம்பும் மோதிரமும்தான் டசார் கூட்டின் முத்திரை. இலை உதிர்ந்தாலும், ஆடி மாதக் காற்று அடித்தாலும் கூடு விழாது. வறண்ட மாதங்களைப் பூச்சி உள்ளேயே உறங்கிக் கழிக்கும். மழை ஈரம் வந்த பிறகு, வாயிலிருந்து ஒரு நீரை விட்டுக் கூட்டின் முனையை இளக்கி வெளியே வரும். பெரியவர் காட்டிய கூட்டின் காம்புப் பக்கம் ஓட்டையாக இருந்தது. பூச்சி போய்விட்டது என்று அர்த்தம்.

மல்பெரி இலை தின்று வீட்டில் வளரும் பட்டுப்புழு ஒரு குடும்பம். இந்தக் காட்டுப் பட்டுப்பூச்சிகள் வேறு குடும்பம், அறிவியலில் சாட்டர்னிடே என்று பெயர். இந்தியாவில் மல்பெரி, டசார், எரி, முகா என நான்கு வகைப் பட்டும் உற்பத்தியாகின்றன. அவற்றில் பின் மூன்றும் இந்தக் குடும்பம் தருபவை. சிந்துவெளி ஊர்களான ஹரப்பாவிலும் சன்ஹுதாரோவிலும் கிடைத்த பொருட்களில் காட்டுப் பட்டு இழைகள் ஒட்டியிருந்ததை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த இழைகளுக்கு வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல். நம் நாட்டில் டசார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா பழங்குடி மக்களின் பிழைப்பு. மருத மரங்களிலும் சால் மரங்களிலும் புழுவை விட்டு வளர்த்துக் கூட்டைப் பறிக்கிறார்கள். இதற்கென்றே ராஞ்சியில் 1964 முதல் மத்திய டசார் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஜன்னலைப் பார்த்து வீட்டைச் சொல்வது போல

செட்டிநாட்டில் பழகியவர் ஒரு வீட்டின் ஜன்னல் வேலைப்பாட்டைப் பார்த்தே அது எந்தக் காலத்து வீடு என்று சொல்லிவிடுவார். காட்டுப் பட்டுப்பூச்சிகளுக்கும் ஜன்னல் உண்டு. சிறகில் செதில் இல்லாமல் கண்ணாடிபோல் தெரியும் ஒரு பகுதி அது. சிறகை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். அதன் வடிவத்தை வைத்து இனம் பிரிக்கலாம்.

ஜன்னல் வட்டமாக, சுற்றிலும் வண்ண வளையத்தோடு, நான்கு சிறகிலும் ஒவ்வொன்று இருந்தால் அது டசார். சிறகை விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண்.

ஜன்னல் முக்கோணமாக இருந்தால் அட்லஸ் வகை. முன்சிறகின் நுனி வளைந்து பாம்புத் தலைபோலத் தோன்றும். சிறகை விரித்தால் 25 சென்டிமீட்டர் வரை போகும். நம் பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைகளும் இலங்கையும்தான் இதன் இடம். பார்த்துப் பயந்து அடிப்பவர்கள் அதிகம். இதற்குக் கடிக்கவும் தெரியாது, கொட்டவும் தெரியாது.

ஜன்னல் பிறைநிலா வடிவில் இருந்தால் எரி. இது காட்டில் கிடைக்காது. ஆமணக்கு இலை போட்டு மனிதர் வளர்ப்பது.

முன்சிறகில் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருந்து, பூச்சியும் செம்பழுப்பாக, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருந்தால் க்ரிகுலா. பெண் பூச்சியில் மூன்று ஜன்னல் தெளிவாகத் தெரியும். லத்தீனில் இதன் இனப்பெயருக்கே 'மூன்று ஜன்னல்' என்றுதான் பொருள்.

வெளிர்ப்பச்சை நிறத்தில், பின்சிறகு இரண்டும் நீண்ட வாலாக இறங்கினால் நிலாப்பூச்சி. அதற்கு ஜன்னலைவிட வாலே போதுமான அடையாளம். 'ஒதி பெருத்தால் உத்திரமாகுமா' என்று நாம் ஒதுக்கும் ஒதிய மரத்தின் இலை இதன் புழுவுக்கு நல்ல உணவு. வேலிக்கு ஒதியங்கழி ஊன்றியிருப்பவர்கள் மழைக்காலத்தில் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்தின் சிறகு முளைத்த பூச்சிக்கு வேலை செய்யும் வாய் கிடையாது. புழுப் பருவத்தில் தின்று சேர்த்ததை வைத்தே ஒரு வாரம் போல வாழ்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். எனவே விளக்கடிக்கு வரும் பெரிய பூச்சி உங்கள் பயிரில் ஓர் இலையைக்கூடத் தொடாது. விளக்கைச் சற்று நேரம் அணைத்துவிட்டால் போய்விடும்.

அறிஞர்களையும் குழப்பிய நிறம்

ஒரே மரத்தில் கிடைத்த டசார் பூச்சிகளில் ஒன்று செங்கல் நிறம், ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல் என்று இருந்தால் மூன்று வகை என்று நினைக்கத் தோன்றும். பெயர் வைத்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் பாஃபியா என்று ஒரு பெயர் வைத்தார். இங்கிலாந்தின் ட்ரூரி 1773-இல் மைலிட்டா என்று இன்னொரு பெயர் வைத்தார். இந்த இரண்டும் ஒரே இனமா, வேறு வேறா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. இன்றும் பட்டுத் துறையினர் மைலிட்டா என்றே எழுதுகிறார்கள், பூச்சியியலாளர் பலர் பாஃபியா என்கிறார்கள். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த தாவர அறிஞர் ராக்ஸ்பர்க், டசார் புழுவையும் ஆமணக்கு தின்னும் எரிப் புழுவையும் பற்றி எழுதிய கட்டுரை 1804-இல் லண்டனில் அச்சானது. என்ன இலை தின்கிறது, எப்படிக் கூடு கட்டுகிறது என்று இரண்டையும் தனித்தனியே விவரித்தார்.

அட்லஸ் கதையும் இப்படித்தான். தென்னிந்தியா, இலங்கை அட்லஸை மூர் என்ற ஆங்கிலேயர் தனி இனமாகப் பிரித்து டாப்ரொபானிஸ் என்று பெயரிட்டார். இலங்கைக்குக் கிரேக்கர் வைத்த பழம்பெயர் டாப்ரொபேன். செட்டிநாட்டிலிருந்து கடல் கடந்து வணிகம் செய்யப் போன அதே இலங்கைதான். பிறகு 1989-இல் அமெரிக்க அறிஞர் பைக்லர் இந்தப் பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்து நூல் வெளியிட்டார்.

இதில் விவசாயிக்கு என்ன இருக்கிறது? நிறத்தை நம்பக் கூடாது என்பது இருக்கிறது. மாடு வாங்கும்போது தோல் நிறத்தை மட்டும் பார்த்தா விலை பேசுகிறோம்? சுழி, பல், மடி, கால் எல்லாம் பார்க்கிறோம். பூச்சிக்கும் அப்படியே. மரம், முடி, கூட்டம், கூடு, சிறகின் ஜன்னல் என்று வரிசையாகப் பார்த்தால் தவறு குறையும்.

சாயலால் ஏமாற்றுபவை

குன்றக்குடி சாலையில் வரப்போரம் ஆமணக்கு போட்டிருந்த ஒரு அக்கா, "எரிப்பட்டுப் புழு ஆமணக்குதான திங்கும்? அப்ப இது பட்டுப்புழுவா அண்ணே?" என்று கேட்டுச் சல்லடையான இலையைக் காட்டினார். அந்தப் புழு நடுவுடம்பைக் காவடிபோல் வளைத்து வளைத்து நடந்தது. அது ஆமணக்குக் காவடிப்புழு. பட்டுப்புழு அப்படி நடக்காது. காவடிப்புழு பயிரை மொட்டையடிக்கக்கூடியது. சிறு புழுவாக இருக்கும்போதே 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். பறவைகள் உட்கார வயலில் குச்சி நட்டு வைக்கலாம். புழுக்களின் பின்பக்கத்தில் அரிசி போன்ற சிறு கூடு ஒட்டியிருந்தால், ஒட்டுண்ணிக் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது ரசாயன மருந்தைக் கையில் எடுக்க வேண்டாம்.

மாசிப் பட்டத்து எள்ளில் கட்டைவிரலைவிடத் தடித்த புழு வரும். வாலில் ஒரு கொம்பு இருக்கும். அது கொம்புப்புழு. அதற்குப் பட்டும் இல்லை, கூடும் இல்லை. மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். பெரிசாக இருப்பதால் கையால் பொறுக்கிவிடலாம். அறுவடைக்குப் பின் உழுதால் மண்ணுக்குள் இருப்பது மேலே வந்து காக்கைக்கும் மைனாவுக்கும் இரையாகும்.

முருங்கையில் மழைக்குப் பின் அடிமரத்தில் அப்பிக்கொண்டு நிற்கும் முடி அடர்ந்த புழு கம்பளிப்புழு. பட்டால் தடித்து அரிக்கும், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கூட்டமாக அடிமரத்தில் இருக்கும்போது, பட்டை கருகாமல் தீப்பந்தம் காட்டி அழிப்பது பழைய வழி. மழை விட்டதும் விளக்குப் பொறி வைத்தால் தாய்ப் பூச்சிகள் குறையும்.

இவை மூன்றும் வெளியார். காட்டுப் பட்டுக் குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் மட்டும் தொல்லை கொடுப்பவர். மூன்று ஜன்னல் க்ரிகுலா. முந்திரியிலும் மாவிலும் இதன் புழுக்கள் தனித்தனியே இருக்காது. கூட்டமாகச் சேர்ந்து ஒரு கிளையை முடித்துவிட்டு அடுத்த கிளைக்கு நகரும். முடி உண்டு, கை வைத்தால் அரிக்கும். வலைபோல் கண் கண்ணாக, தங்க நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய கூடுகளைக் கட்டும். இந்தோனேசியாவின் ஜாவாவில் இந்தக் கூடுகளைக் கைவினைப் பொருளாக்கி விற்கிறார்கள். நம் முந்திரித் தோப்பில் கண்டால் கையுறை போட்டுக்கொண்டு, புழுக் கூட்டத்தோடு அந்தக் கிளையை வெட்டி அகற்றுவதே முதல் வேலை. தோப்பு முழுக்க மருந்தடிப்பது பிறகு யோசிக்க வேண்டியது.

ஆக, பட்டுப்பூச்சிக் குடும்பம் என்றால் எல்லாம் நல்லது என்றும் இல்லை, பெரிய புழு என்றால் எல்லாம் கெட்டது என்றும் இல்லை. எது என்று தெரிந்த பிறகே மருந்தா, பொறுமையா என்று முடிவு செய்யலாம்.

'வளர்த்தால் காசு வருமா?'

பிள்ளையார்பட்டியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளைஞர் கேட்டது இது. கேட்க வேண்டிய கேள்விதான்.

டசார் கூட்டிலிருந்து ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடுகள் வேண்டும். இலந்தையில் ஒன்றும் பாதாமில் ஏழுமாகக் கிடைப்பதை வைத்து அதை நினைக்க முடியாது. வளர்ப்பதென்றால் நீர்மருது, கருமருது தோப்பு வேண்டும். வெட்டவெளி மரத்தில் வளரும் புழுவைப் பறவையிடமிருந்து நாள் முழுக்கக் காக்க ஆள் வேண்டும். கூட்டை வேகவைத்து நூல் இழுக்கத் தெரிந்தவரும், அதை வாங்குபவரும் பக்கத்தில் வேண்டும். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் இவை தலைமுறையாக இருக்கின்றன. நம் காரைக்குடியின் பெயர் பெற்ற கண்டாங்கிச் சேலை பருத்தியில் நெய்வது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதும் அந்தப் பருத்திச் சேலைதான்.

எரிப்பட்டு சற்று வேறு. வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாம், ஆமணக்கும் மரவள்ளி இலையும் போதும். அதன் கூடு ஒரு முனை திறந்தே இருப்பதால், பூச்சி வெளியேறிய பிறகு பஞ்சைப்போல் நூற்கலாம். ஆனால் இங்கேயும் கேள்வி சந்தைதான். முட்டை விற்பவர் 'நாங்களே திரும்ப வாங்குவோம்' என்றால், எழுத்தில் கேளுங்கள். சேலத்தில் தலைமையகம் உள்ள தமிழகப் பட்டு வளர்ச்சித் துறையிடமோ, பெங்களூரில் உள்ள மத்திய பட்டு வாரியத்தின் கிளைகளிடமோ விசாரித்து, ஏற்கெனவே வளர்ப்பவர் ஒருவரின் கொட்டிலை நேரில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். காட்டில் பொறுக்கிய டசார் கூட்டைக் காட்டி எரி முட்டை விற்பவரையும், எரியைக் காட்டி 'டசார்' என்பவரையும் இப்போது உங்களால் ஜன்னலையும் காம்பையும் பார்த்தே மடக்க முடியும்.

சந்தேகம் வந்தால்

மரத்தில் பெரிய புழு கண்டால் மருந்துக்கடைக்குப் போகுமுன் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன மரம் அல்லது பயிர்? உடம்பில் அடர்ந்த முடி உண்டா, வாலில் கொம்பு உண்டா? தனியாக இருக்கிறதா, கூட்டமாகவா? கூடு இருந்தால் காம்போடு கெட்டியாகவா, வலைபோலவா, இலைகளைச் சேர்த்துக் கட்டியதா? பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து ஒரு படம். இத்தனையும் இருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, செட்டிநாடு உலர்நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டலாம். நம் கேள்வி-பதில் பகுதிக்கும் அனுப்பலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஓட்டையில்லாத டசார் கூடு ஒன்றைக் கிளையோடு வெட்டி, காற்றோட்டமுள்ள பெரிய கூடையில், பூச்சி ஏறித் தொங்கச் சில குச்சிகளோடு வைத்து, கொசுவலையால் மூடி நிழலில் தொங்கவிடுங்கள். எப்போதாவது லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். வெளியே வரும் பூச்சியின் சிறகு முதலில் கசங்கிய துணிபோல் இருக்கும், சிறிது நேரத்தில் விரியும். ஜன்னலைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, இருட்டியதும் வலையை எடுத்துவிடுங்கள். பெண்ணாக இருந்தால் அன்றிரவே அதன் மணத்தை மோப்பம் பிடித்து எங்கிருந்தோ ஓர் ஆண் பூச்சி உங்கள் வாசலுக்கு வரக்கூடும்.